காங்கேயம் பக்கத்துப் பழைய பண்ணை நிலத்தை மீட்டெடுப்பது எப்படி?

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் பக்கத்தில் நூறாண்டைக் கடந்த, நடுமுற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு ஒன்றும் அதைச் சுற்றி ஏறத்தாழ நாற்பது ஏக்கர் நிலமும் தங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பதாகவும், வீட்டைப் பழுதுபார்த்து விருந்தினர் தங்கும் இடமாக மாற்ற எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத் தாங்கள் அணுகிய வடிவமைப்பாளர், வீட்டு முன்புறம் ஒரு ஏக்கர் புல்தரை, இருபுறமும் ராயல் பனை வரிசை, நடுவில் நீரூற்று, சுற்றிலும் சிமென்ட் கல் பாவிய நடைபாதை என்று ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார். இந்த நிலத்துக்கு முன்பே ஓர் அமைப்பு இருந்ததா, இருந்திருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதை மீட்பது, எதைப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்பது தங்கள் கேள்வி.

இருந்தது. ஆனால் வீட்டு முன்புறத்தில் மட்டும் தேடினால் அது கண்ணில் படாது. கொங்கு நாட்டுப் பெரிய பண்ணைகளில் பூந்தோட்டத்துக்கென்று ஓரிடத்தைத் தனியே வகுத்து அழகுபடுத்தும் வழக்கம் குறைவு. வீடு எந்தத் திசை பார்க்க வேண்டும், மாடு கட்டும் கட்டுத்தரையும் களமும் எங்கே அமைய வேண்டும், எந்தப் பொழியில் (வரப்பில்) பனை நிற்க வேண்டும், எந்த மேட்டாங்காட்டை உழாமல் கொறங்காடாக, அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலமாக விட வேண்டும், மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கி எந்தக் குட்டையில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாக முடிவு செய்து, தவறியதைத் திருத்தி, நிலைபெறச் செய்த மொத்த ஏற்பாடுதான் அங்கே வடிவமைப்பு. காற்று, தண்ணீர், மாடு ஆகிய மூன்றும் அதைத் தீர்மானித்தன. தங்கள் நாற்பது ஏக்கரிலும் அதன் கோடுகள் இன்னும் இருக்கும் என்றே நம்புகிறேன். அவற்றைப் பார்த்து முடிக்கும் வரை அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புல்தரை என்ற கற்பனை எந்த நிலத்தில் பிறந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று அழைக்கப்பட்ட லான்ஸ்லாட் பிரவுன் (1716–1783) பெருந்தனக்காரர்களின் எஸ்டேட்டுகளைத் திருத்தி அமைத்தார். மாளிகையின் சுவர் வரை வந்து தொடும் புல்வெளி, ஆங்காங்கே மரக்கூட்டம், ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி என்ற தோற்றத்தை நிலைநாட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பச்சையைக் காத்தவை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் மழையும், மேய்ந்துகொண்டே இருந்த ஆடுமாடுகளும். மேயும் கால்நடை வீட்டருகே வராமலும், வேலி கண்ணை மறைக்காமலும் இருக்க, ‘ஹா-ஹா’ என்ற பள்ளமான தடுப்புச் சுவரை அங்கே கட்டினார்கள். அந்த ரசனை வெள்ளைக்காரர்களோடு நம் மலைகளுக்கு ஏறியது. 1848இல் தொடங்கி வில்லியம் கிரகாம் மெக்ஐவர் உருவாக்கிய உதகை தாவரவியல் பூங்கா அதற்குத் தெளிவான சான்று. உதகையின் குளிரிலும் மழையிலும் அது பொருந்தி நின்றது. அங்கிருந்து கீழே இறங்கிச் சமவெளி பங்களாக்களுக்கும் இன்றைய ரிசார்ட்டுகளுக்கும் வந்து சேர்ந்தபோதுதான் கணக்கு உதைக்கிறது.

அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது சுமார் 4,000 லிட்டர். சித்திரை, வைகாசி வெயிலில் புல்தரை பச்சையாக இருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது 20,000 லிட்டர். கோடையில் ஒரு மாடு நாளுக்கு 50 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், இது 400 மாடுகளுக்கான குடிதண்ணீர். கோடையின் இரண்டு மாதத்துக்கு மட்டும் 12 லட்சம் லிட்டர் ஆகிறது. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் ஒரு பகுதியில், அந்த ஏக்கரின் மேல் ஓராண்டில் விழும் மொத்த மழையே 24 லட்சம் லிட்டர்தான். அதில் பாதியை அறுபது நாளில், நிலத்தடியிலிருந்து உறிஞ்சி, யாரும் மேயாத ஒரு புல்லுக்கு ஊற்றுவது தங்கள் முன்னோர் எவரும் ஒப்புக்கொண்டிருக்க முடியாத காரியம். கியூபா பக்கத்து மரமான ராயல் பனை நிழல் தராது. ஆடிக் காற்றையும் தடுக்காது.

காற்றைச் சொல்லாமல் கொங்கு வீட்டின் அமைப்பைச் சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. வைகாசி இறுதியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே நுழைந்து பல்லடம், உடுமலை, தாராபுரம், காங்கேயம் என்று மேட்டுநிலம் முழுவதும் வீசுகிறது. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அதுதான் காரணம். மழையை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிட்டு வருவதால், இங்கே அது ஈரத்தைக் கொண்டுவருவதைவிட மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போவதே அதிகம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே பழைய பண்ணை வீடுகள் பெரும்பாலும் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து, மேற்கே சன்னல் குறைந்த கனத்த சுவரைக் காட்டி நிற்கும். அந்த மேற்குச் சுவருக்கு அப்பால் வேம்பும் புங்கனும், இன்னும் தள்ளிப் புளியும், கடைசியாகப் பொழி நெடுகப் பனையும் இருக்கும். புளியமரத்தின் அடர்ந்த நிழலில் வேறெதுவும் எளிதில் வளராது. காய் உலுக்க ஆள் வந்து போக இடமும் வேண்டும். அதனால் அதை வீட்டை ஒட்டி வைக்கமாட்டார்கள். கட்டுத்தரையும் சோளத்தட்டுப் போரும் காற்றின் கீழ்ப்பக்கத்தில் அமையும். சாணி வாடையும் தூசியும் நெருப்புப் பயமும் வீட்டை அண்டக் கூடாது என்பது அதன் நியாயம். களத்தை மட்டும் காற்றுக்குத் திறந்து வைப்பார்கள், ஏனென்றால் தானியம் தூற்றக் காற்று வேண்டும். தங்கள் வீட்டின் எந்த மூலையில் களம் இருந்தது என்று தெரிந்துவிட்டால், அந்தக் காலத்தில் காற்று எந்த வழியாக உள்ளே வந்தது என்பதும் தெரிந்துவிடும். அந்த வழியில் இப்போது கார் நிறுத்தக் கொட்டகை போட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். காங்கேயத்துக்கு வடக்கே விழும் மழை பொதுவாக நொய்யலை நோக்கியும், தெற்கே விழுவது அமராவதியை நோக்கியும் போகிறது. தங்கள் நிலம் தெற்கே இருப்பதால் அதன் வாட்டமும் அமராவதிப் பக்கமாகத்தான் இருக்கும். காலிங்கராயன் வாய்க்கால் பாயும் ஈரோட்டுப் பக்கத்தையோ, 1950களில் கீழ்பவானி வாய்க்கால் வந்த பிறகு நஞ்சையாக மாறிய பகுதிகளையோ போன்றதன்று இந்த மேட்டாங்காடு. இங்கே தண்ணீர் என்றால் மழை, குட்டை, கிணறு, அவ்வளவுதான். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரைப் பொழிகள் தடுத்து மெதுவாக்கும். மிஞ்சியது ஓடையில் சேர்ந்து குட்டையில் நிற்கும். குட்டையின் ஊறல் அதற்குக் கீழே வெட்டிய கிணற்றுக்குப் போகும். கிணற்றிலிருந்து இறைத்தது தோட்டத்துக்குப் பாயும். மேட்டில் கொறங்காடு, நடுவில் வீடும் வாசலும், தாழ்வில் குட்டை, கிணறு, தோட்டம் என்ற வரிசை பெரும்பாலான பண்ணைகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த ஓட்டமே காரணம்.

தங்கள் கிணற்றை நின்று பார்க்க வேண்டும். பம்பு செட் வருவதற்கு முன் அதில் கவலை ஏற்றம் ஓடியிருக்கும். ஒரு ஜோடிக் காளை, தோல் தும்பியோடு கூடிய சால் (தண்ணீர் அள்ளும் பாத்திரம்), வடம், கிணற்று விளிம்பில் நட்ட கல்தூண்கள், காளைகள் இறங்குவதற்கான சரிவுத் தடம் ஆகியவை சேர்ந்ததுதான் கவலை. காளை கீழ்நோக்கி நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் சால் ஓர் அடி மேலே வரும். எனவே அந்தத் தடத்தின் நீளம் ஏறத்தாழ அந்தக் காலத்து நீர்மட்டத்தின் ஆழத்துக்குச் சமம். மண் மூடிப் போயிருந்தாலும் தடத்தின் பக்கக் கற்களைக் கண்டுபிடித்து அளந்தால், மின்சாரம் வருவதற்கு முன் இந்தக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்று சொல்லிவிடலாம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பிறகு கோவை மாவட்டத்தில் மின்மோட்டார் பரவியது; கவலைகள் படிப்படியாக நின்றன; கிணறுகளை ஆழப்படுத்தினார்கள்; பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. காளைத் தடம் தூர்ந்து போனது பல இடங்களில் யார் கண்ணிலும் படவே இல்லை. வரலாற்றுச் சின்னம் என்று ஒன்றைத் தங்கள் விருந்தினருக்குக் காட்ட விரும்பினால், நீரூற்றைவிட இந்தக் கல்தூண்களும் தடமும் ஆயிரம் மடங்கு மேலானவை. தடத்தின் ஓரத்தில் காளைக்கும் ஆளுக்கும் நிழலுக்காக வைத்த பூவரசோ புங்கனோ இருந்தால் அதன் கிளையைக்கூடத் தொட வேண்டாம்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது மாடு. உண்மையில் தங்கள் பகுதியில் அதுவே முதலாவது. காங்கேயம் இனத்தை வளர்த்துச் செம்மைப்படுத்தியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) குடும்பத்தின் பங்கு நாடறிந்தது. ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம் முதலிய ஜமீன்களும் கொங்கு நாட்டில் இருந்தன என்றாலும், மாட்டை நடுவில் வைத்து நிலத்தையே வகுத்த பெருமை காங்கேயம் பகுதிக்கு உரியது. அந்த வகுப்பின் பெயர்தான் கொறங்காடு. மழையை நம்பிய மேட்டு நிலத்தைச் சில ஏக்கர் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் பலவகைப் பயறினச் செடிகளும் வளரவிட்டு, நடுநடுவே வெள்வேல மரங்களை நிறுத்தி, மாட்டை ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி விடுவார்கள். புல் வறண்டு கிடக்கும் மாதங்களில் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகும். தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து மறுபடி முளைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு மீண்டும் புல்லுக்கே விட்டுவிடுவதும் உண்டு. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இது தரிசு போலத் தோன்றும். வருவாய்க் கணக்கிலும் வீட்டுமனை விற்பவர் கண்ணிலும் தரிசாகத் தோன்றியதால்தான் இத்தனை வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது. மேய்ச்சல், மரம், வேலி மூன்றையும் ஒன்றையொன்று தாங்கும்படி இணைத்த இந்த வடிவமைப்பு உலகின் எந்த எஸ்டேட் பூங்காவுக்கும் குறைந்ததன்று என்பது என் உறுதியான கருத்து.

கிளுவை வேலியைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பீர்கள். மறுபடி ஒருமுறை பாருங்கள். கோடையில் இலை முழுவதும் உதிர்த்து, கூர்நுனியுள்ள குச்சிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். கன்றுக்குட்டி தலையை நுழைக்க முடியாத அளவுக்கு அது இறுகியிருந்தால், பல பத்தாண்டுகளாக யாரோ ஒருவர் ஒழுங்காகக் கழித்துவிட்டு, விழுந்த கிளையை மடக்கிச் செருகி வந்திருக்கிறார் என்று பொருள். முதல் மழை விழுந்த சில நாள்களில் துளிர்த்துவிடும். இலையைக் கசக்கினால் மணக்கும். அதன் மேல் கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் ஏறும். அடியில் கௌதாரி முட்டையிடும். கீரியும் ஓணானும் குடியிருக்கும். இரண்டு நிலங்களின் வேலிகளுக்கு நடுவே வண்டி போகும் அகலத்துக்கு விட்ட இட்டேரிதான் கொங்குப் பண்ணையின் நுழைவுச் சாலை. தங்கள் வடிவமைப்பாளர் நேர்கோட்டில் ஒரு மரச்சாலை வரைந்திருக்கிறார். பழைய வழி வளைந்தே வந்திருக்கும். மேட்டின் சரிவை அனுசரித்து, மாட்டுவண்டி மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பதற்காக அப்படி வளைந்தது. வெயிலில் இட்டேரிக்குள் நுழைந்தவுடன் காற்று தணிந்து, கடைசி வளைவில் வாசலும் வீடும் ஒருசேரத் திறக்கும் அந்த வரவேற்பை எந்த அலங்கார வளைவாலும் கொடுக்க முடியாது.

வீட்டை ஒட்டிய பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தங்களுக்கே அது நினைவிருக்கும். சாணி மெழுகிய அகன்ற வாசல், அதன் ஓரத்தில் கல்தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போய்ச் சேரும் இடத்தில் வாழை, முருங்கை, கறிவேப்பிலை, கிணற்றடியில் மல்லிகை, செவ்வரளி, நந்தியாவட்டை, எங்கேனும் ஒரு பவளமல்லி. பூச்செடிகள் சாமிக்கும் தலைக்கும் வேண்டியவை. அவற்றுக்கென்று ஒரு குடம் தண்ணீரும் தனியாக இறைத்ததில்லை. தோட்டத்து மூலையில் வேம்படியில் கன்னிமார் கல் இருந்தால், அதைச் சுற்றியுள்ள மரஞ்செடிகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி எவரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறெங்கும் அழிந்த மரவகை அங்கே பிழைத்திருக்கக் கூடும்.

இந்த ஏற்பாடு எப்போது சிதைந்தது என்பதும் நிலத்தை வாசிக்க உதவும். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம், குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத் தீர்வையைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்த 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம், அதை 15 தர ஏக்கராகக் குறைத்த 1970ஆம் ஆண்டின் திருத்தம் ஆகியவை பெரும்பண்ணைகளைப் பிரித்தன. உழைத்தவர்களுக்கு நிலம் போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாகப்பிரிவினையும் விற்பனையும் சேர்ந்து, மேட்டையும் தாழ்வையும் இணைத்திருந்த நீரோட்டத்தையும் மேய்ச்சல் சுழற்சியையும் அறுத்துவிட்டன. குட்டை ஒருவருக்கும் அதற்கு வரத்து கொடுக்கும் மேடு இன்னொருவருக்கும் போனால், மேட்டுக்காரர் வரப்பைத் திருப்பிவிட்ட நாளோடு குட்டை செத்துவிடும். தங்கள் குட்டை பல ஆண்டுகளாக நிறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூர் வாருவதற்கு முன், அதற்கு வர வேண்டிய தண்ணீர் யாருடைய நிலத்தில் எங்கே திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து நிலத்தாரோடு உட்கார்ந்து பேசி, ஒரு குழாய்ப் பாலம் போட்டுக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இனி, ஆவணங்கள். கிராம நிர்வாக அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் புல வரைபடம், ‘அ’ பதிவேடு (நில உடைமைப் பதிவு), பழைய அடங்கல் (சாகுபடிப் பதிவு) ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாகப்பிரிவினைப் பத்திரங்களின் சொத்து விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். நாற்புற எல்லை சொல்லும் இடத்தில் ‘இட்டேரிக்கு மேற்கு, குட்டைக்கு வடக்கு’ என்று வரும் தொடர்களும், ‘கிணறு, அதற்குண்டான கவலை, மாமூல் தடபாத்தியம், மரவடைகள்’ என்று வழியுரிமையையும் மரங்களையும் சொல்லி வரும் பட்டியலும் ஒரு வரைபடத்துக்குச் சமம். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் கிணறு, குட்டை, ஓடை, வண்டித்தடம் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றை எல்லாம் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்த்தால் மறைந்த கோடுகள் எழும். மார்கழி, தை மாதத்துக் காலை வெயிலில் நடந்து பார்ப்பதும் நல்லது. சாய்ந்த ஒளியில் தூர்ந்த வாய்க்காலும் கரைந்த வரப்பும் நிழல் காட்டும். மேட்டில் நேர்கோட்டில் நிற்கும் மூன்று நான்கு கிளுவைத் தூர்களைக் கண்டால், அது ஒரு கொறங்காட்டின் அழிந்த வேலி என்று துணிந்து குறித்துக்கொள்ளலாம்.

ஆவணத்தைவிட ஆள்கள் முக்கியம். இந்தப் பண்ணையை வகுத்தவர் தங்கள் முன்னோர் என்றால், அதை மண்ணில் செய்து முடித்தவர்கள் கிணறு வெட்டிய போயர், சால் தைத்த அருந்ததியர், பனையேறிய நாடார், மாடு மேய்த்த பையன்கள், களை எடுத்த பெண்கள் ஆகியோர். எந்தத் துண்டில் புல் முதலில் தழையும், எந்தக் கடவில் (வேலித் திறப்பில்) படல் இருந்தது, மழை வலுத்தால் எந்த இடத்தில் கரை உடையும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதில்லை. அந்தக் குடும்பங்களின் பெரியவர்களை முறையாக அழைத்து, நிலத்தில் உடன் நடக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் செலவிடும் நாளுக்கு உரிய சம்பளமும் கொடுங்கள். பிறகு பண்ணையின் வரலாற்றை விருந்தினருக்கு எழுதி வைக்கும்போது அவர்கள் செய்த வேலையும் அதில் இடம்பெற வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதும் வரலாறு பாதிப் பொய்.

வரலாற்றுத் தோட்டங்களைப் பேணுவது குறித்து ஐகோமாஸ் என்ற நினைவுச் சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பு 1981இல் புளோரன்ஸ் நகரில் வகுத்த சாசனம், முழுமையான முன்னாய்வு இல்லாமல் எந்த மீட்புப் பணியையும் தொடங்கக் கூடாது என்கிறது. ஒரு பகுதியின் தடயம் முற்றிலும் அழிந்து, ஊகம் மட்டுமே மிஞ்சியிருந்தால், அங்கே செய்வதைப் பழைய தோட்டம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. தங்களுக்கு இது நல்ல வழிகாட்டி. இட்டேரி, வேலி, குட்டை, கவலைக் கிணறு, வாசல் ஆகியவற்றுக்குத் தடயம் இருக்கும், அவற்றை மீட்கலாம். கார் நிறுத்தம், விருந்தினர் அறைகள், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவை புதியவை. அவற்றைப் புதியவையாகவே, வீட்டிலிருந்து தள்ளி, காற்று வழியையும் நீர் வழியையும் மறிக்காத இடத்தில் வையுங்கள். பழைய ஓடு போர்த்தி, போலியாகப் பழமை காட்ட வேண்டாம்.

வேலையின் வரிசை குறித்து என் யோசனை இது. முதலாண்டு எதையும் நடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குச்சி அடித்துக் குறித்து, ஆடியில் காற்று எங்கே அறைகிறது என்று பார்த்து வையுங்கள். அடுத்துப் பொழிகளையும் குட்டை வரத்தையும் சரிசெய்யுங்கள். குட்டையில் அள்ளும் வண்டலைத் தோட்டத்துக்கே கொட்டுங்கள். சீமைக்கருவேலம் மேட்டில் பரவியிருக்கும். அதை வெட்டிவிட்டால் மட்டும் போகாது, தூர் மறுபடி தழைக்கும். வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் முழுவதையும் ஒரே ஆண்டில் எடுத்தால் ஆடிக் காற்று மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும். துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் மழைக்கு முன்பே கொழுக்கட்டைப் புல் விதையைச் சோளத்தோடு சேர்த்து விதையுங்கள். அதன் பிறகு மாடு வேண்டும். மேய்ச்சல் இல்லாத கொறங்காடு சில ஆண்டுகளில் புதராகிவிடும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நாலைந்து காங்கேயம் பசுக்களை வாங்கி, இடம் கொண்ட மட்டும் வளருங்கள். கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து, ஆறு மாதத்தை ஒட்டிச் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கவே குழந்தைகளோடு குடும்பங்கள் வரும்.

மரங்களைப் பொறுத்தவரை, இருப்பதைக் காப்பது முதல் வேலை. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறது. தங்கள் வரைபடத்தில் வடக்குப் பொழியில் நிற்கும் பனைகள் மேல் சாலை போகிறது, அதை உடனே மாற்றச் சொல்லுங்கள். புதிதாக நடுவதென்றால் மேற்கே வேம்பு, புங்கன், உசிலை, மேட்டில் வெள்வேல், இட்டேரி ஓரத்தில் பனைவிதை என்று நட்டால் போதும். வாசலில் சிமென்ட் கல் வேண்டவே வேண்டாம். வெயிலில் அது வாங்கி வைக்கும் சூட்டை இரவெல்லாம் வீட்டுக்குள் விடும். மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காது. செம்மண்ணும் சரளையும் கலந்து, சுண்ணாம்பு சேர்த்துத் திமுசு போட்டு இறுக்கிய தரையும், நடக்கும் வழியில் மட்டும் பலகைக்கல்லும் போதுமானவை. மாலையில் உட்காரப் பசுமை வேண்டும் என்று வீட்டார் விரும்பினால், குளியலறைத் தண்ணீர் பாயும் இடத்தில் ஒரு சென்ட் அளவுக்கு அருகம்புல் வளர்த்துக்கொள்ளலாம். அதற்கு நான் தடை சொல்லமாட்டேன்.

வடிவமைப்பாளரை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அரை மீட்டர் இடைவெளியில் சமமட்டக் கோடுகள் போட்ட அளவைப் படம், அதன் மேல் பழைய வேலி, தடம், நீர்வழி, மரம் ஆகியவற்றைக் குறித்த படம் ஆகிய இரண்டையும் முதலில் தயாரித்துத் தரும்படி கேளுங்கள். நல்லவராக இருந்தால், இந்த இரண்டு படங்களையும் பார்த்த பிறகு புல்தரையை அவரே எடுத்துவிடுவார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். கிளுவைக் கட்டைகளுக்கு இப்போதே பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். கம்பி வேலி போடுவதற்காகப் பழைய உயிர்வேலிகளைப் பொக்லைன் வைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். முற்றிய குச்சிகளாகக் கழித்து, நிழலில் வைத்து, மழைக்காலம் தொடங்கும்போது நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடித்துவிடும். தள்ளிய வேலி எரிந்து போன பிறகு கேட்டால் அந்தக் கட்டை எங்கேயும் விலைக்குக் கிடைக்காது.